வெறுங்காலில் முப்பது அடி

மே 12, திங்கள்

காலை எட்டு மணிக்கே முதுகு சுட்டது. கத்திரி. மேடவாக்கம் ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதில் கிழக்குத் தாம்பரம் வரை அடைப்பு. கல்லூரி பஸ் போச்சு. ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. லேபுக்குள் நுழைந்தபோது துப்பட்டாவைப் பிழியலாம்.

இன்றைய வேலை:
பேட்டரி இரண்டும் சார்ஜ்.
முழங்கால் பட்டைக்குப் புது வெல்க்ரோ.
ஒப்புதல் படிவம், புதுப் பக்கத்தில் இப்ராஹிம் பாயின் கையெழுத்து.
அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை (மறந்தேன், திட்டு வாங்கினேன்).

வெள்ளிக்கிழமை பணம் கொடுக்கும் கமிட்டி வருகிறது. நாலு பேர். போன வருஷம் லேபுக்குள்ளேயே நடத்திக் காட்டினோம், பாராட்டிவிட்டுப் போனார்கள். இந்த முறை "லேபுக்கு வெளியே, சாதாரணத் தரையில்" என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆபீஸ் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் முற்றத்தில், எங்கள் கருவியைக் காலில் கட்டிக்கொண்டு ஒருவர் முப்பது அடி எடுத்து வைக்க வேண்டும். நடந்தால் இரண்டாம் கட்டத்துக்குப் பணம். நடக்காவிட்டால் என் நாலு வருஷம், பிரவீனின் மூன்று வருஷம், கைடு நடராஜன் சாரின் (இனி ந.சா., முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது) பதவி உயர்வு, எல்லாம் அம்போ.

கருவிக்குப் பிரவீன் வைத்த பெயர் கொக்கு. ஒரே காலில் நிற்பதால். முழங்கால் பக்கம் ஒரு மோட்டார், உள்ளங்காலில் ஒட்டிக் கட்டும் சென்சார் ஷீட் ஒன்று, சப்பாத்தி கனம். குதிகால் தரையில் பட்டதை ஷீட் சொல்லும், மோட்டார் உடனே முழங்காலை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். வாதம் வந்த கால் மடங்கி ஆள் விழாமல் இருக்க இவ்வளவு பாடு.

இப்ராஹிம் பாய் பதினொன்றுக்கு வந்தார். குரோம்பேட்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். இரண்டு வருஷம் முன்னால் வலது பக்கம் வாதம். சர்க்கரையும் உண்டு, இரண்டு பாதத்திலும் உணர்ச்சி சுத்தமாகக் கிடையாது. நாங்கள் சோதித்த பதினேழு பேரில் இவர் நடைதான் அழகு. கடையில் சுற்றுகளை எண்ணுகிற மாதிரி அடிகளையும் வாய்விட்டு எண்ணுவார், விரலால் தொடையில் தட்டிக்கொண்டே. இன்று முப்பதும் சுத்தம்.

இரண்டாம் கட்டம் கிடைத்தால் ஒரு கொக்கு இவர் வீட்டுக்கே போகும். கடையில் நின்று வேலை பார்க்கலாம். அதை அவரிடம் சொன்னவள் நான்தான். முந்திரிக்கொட்டை.

மே 13, செவ்வாய்

வெளியில் முதல் ஒத்திகை. போர்டிகோ நிழல். பாய் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார், ஷீட்டுக்கு மேலேயே. சர்க்கரை ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சு மாதிரி மெத்தென்ற ரப்பர் செருப்பு.

நாலாவது அடியில் வலது முழங்கால் மடங்கியது. நானும் பிரவீனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். என் தோளில் அவர் முழு எடையும். இரண்டாம் முறை: ஆறாவது அடி. மூன்றாம் முறை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

பாய் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார், ஆனால் உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். இடது கையால் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

உள்ளே அழைத்து வந்து மறுபடி நடத்தினோம். முப்பதும் சுத்தம். கொக்கு உள்ளே குழந்தை, வெளியே ராட்சசி.

ந.சா. வீடியோவைப் பார்த்தார். வெளியில் பாய் பயந்துவிட்டார், உடம்பை விறைத்துக்கொள்கிறார், வேறொன்றுமில்லை என்றார். பாய் பயந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பயந்தது நான்.

தோள் வலி. அயோடெக்ஸ். அம்மா: "பி.எச்டி. படிக்கிறியா, மூட்டை தூக்குறியா?"

மே 14, புதன்

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

காலையில் லேப் வாசலில் என் செருப்பைக் கழற்றும்போது கண்ணில் பட்டது. ஒன்பது ஜோடி, வரிசையாக. மேலே போர்டு: காலணிகளை வெளியே விடவும். தரை அழுத்தம் அளக்கும் நீல விரிப்பு விலை அதிகம் என்று யாரோ என்றைக்கோ மாட்டியது. நான் சேர்ந்த முதல் நாளிலிருந்து பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது, கண் அதன் மேல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பதினேழு பேரும் வெறுங்காலில் நடந்தவர்கள். ஒருவர்கூட "செருப்போடு நடக்கட்டுமா" என்று கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, உள்ளே வந்தால் கழற்றுவதுதானே. கட்டுரையில் தரையின் வகை, ஏசியின் அளவு, வெல்க்ரோவின் அகலம் வரை எழுதியிருக்கிறேன். காலில் ஒன்றுமில்லை என்பதை எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

கொக்கு கற்றது வெறுங்காலை மட்டும். மெத்தென்ற செருப்பைப் போட்டால் குதிகால் பட்ட செய்தி கொஞ்சம் பிந்தி வருகிறது. கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் முழங்கால் மடங்கிவிடுகிறது.

பிரவீனிடம் சொன்னேன். வரிசைச் செருப்புகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "செத்தோம் ஜெசி," என்றான். எல்லோரையும் செருப்போடு திரும்ப நடக்கவைத்து, கொக்குக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க, ராப்பகலாக உட்கார்ந்தாலும் இரண்டு மாதம். எங்களிடம் இருப்பது இரண்டு நாள்.

ந.சா.விடம் போனோம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வெறுங்கால்ல நடக்கட்டும். பொய் எதுவும் சொல்லலியே. கேட்டா சொல்லுவோம். கேக்காட்டி, செகண்ட் ஃபேஸ்ல முதல் வேலையா இதைச் சரிபண்ணுவோம்."

சரி சார் என்றேன். வேறு வழி தெரியவில்லை என்று இங்கே எழுத வந்தேன். தெரிந்தது. பிடிக்கவில்லை.

பாயிடம் போனில் முழுவதையும் சொன்னேன், எதையும் மறைக்காமல். "அட, இதுக்கு இன்னாமா? பள்ளிவாசலுக்கு செருப்பு போட்டுகினா போறேன்? கழட்டிட்டு நடந்தா போச்சு." அவருக்கு நிம்மதி. தன் கால்தான் மோசமாகிவிட்டது என்று நேற்றிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

மே 15, வியாழன்

எட்டு மணிக்கு முற்றத்தில் ஒத்திகை. கறுப்பு டைல்ஸ். கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ராத்திரிக் குளிர்ச்சி இன்னும் போகவில்லை. கல், முள், ஆணி உண்டா என்று பிரவீனும் நானும் குனிந்து குனிந்து பார்த்தோம். வாட்ச்மேன் அண்ணா என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டுத் தானும் தேடத் தொடங்கினார்.

கமிட்டி முன்னாலும் இதே நேரம் என்று ந.சா.விடம் உறுதி வாங்கினேன். முதலில் நடை, அப்புறம்தான் விளக்கவுரை.

இடது காலுக்கு மட்டுமாவது செருப்பு போடலாமே என்று முயன்றோம். இடுப்பு சாய்கிறது, கொக்கு குழம்புகிறது. விட்டுவிட்டோம்.

வெறுங்காலில் முப்பது அடி. சுத்தம். பாய் மோட்டாரின் பக்கம் காதைச் சாய்த்து, "கொஞ்சம் மொனகுது, ஒரு ஒயரு லூஸா கீது பாரு," என்றார். பார்த்தால் ஒயரைப் பிடிக்கும் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. பிரவீன் கும்பிட்டான்.

எப்போதும்போல என் கையில் சிவப்புப் பட்டன். பாய் நடக்கும்போது எதையாவது கவனித்தால் அழுத்துவேன், பதிவில் அந்த இடத்தில் ஒரு கோடு விழும், பிறகு போய்ப் பார்க்கலாம். நாலு வருஷப் பழக்கம். நான் யோசிப்பதற்கு முன்னால் கட்டைவிரல் அழுத்திவிடும். இன்று ஒரு கோடும் இல்லை.

பட்டையைக் கழற்றும்போது பாயிடம் கேட்டேன், கீழே பார்க்காமல் எப்படி இவ்வளவு தைரியமாக நடக்கிறீர்கள் என்று. "எனக்குக் காலு இருக்கறதே தெர்லமா. உன் மூஞ்சிய பாத்துகினே நடப்பேன். ஏதுனா ஒண்ணுன்னா அதுல தெரிஞ்சிடும்ல."

மாத்திரை வாங்கினேன். அம்மா பேசுகிறாள்.

மே 16, வெள்ளி

சுருக்கமாக எழுதுகிறேன். முடியவில்லை.

கமிட்டி வந்தது பத்தரைக்கு. ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டார்களாம். வந்ததும் காபி. அப்புறம் முதல்வர் அறை, சால்வை. அப்புறம் விளக்கவுரையை முதலில் கேட்கலாம் என்று அவர்களில் மூத்தவர் சொல்ல, ந.சா. தலையாட்டிவிட்டார். முற்றத்துக்கு வரும்போது பன்னிரண்டரை.

தரை சுடுமே என்று ந.சா.விடம் காதோடு சொன்னேன். "ஒரு நிமிஷ வேலைம்மா," என்றார். நானும் பேசாமல் இருந்தேன். என் காலில் செருப்பு. கமிட்டிக்கு ஷூ.

பாய் போர்டிகோ நிழலிலிருந்து கிளம்பினார். சட்டை இஸ்திரி போட்டது. ஒவ்வொரு அடிக்கும் மூன்று விநாடி. நான் முன்னால் பின்வாங்கிக்கொண்டே, கையில் பட்டன். எண்ணிக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் வந்தார். கேபிள் ஒன்று அவர் பாதையில் கிடக்க, எடுக்கக் குனிந்தேன். விரல் நுனி தரையில் பட்டது. தோசைக்கல். உடனே நிறுத்துங்கள் என்று கத்தினேன். பத்தொன்பதாவது அடி. பிரவீன் நாற்காலியை இழுத்து வந்தான், அவர் உட்கார்ந்த பிறகும் ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. "விழலியேமா, நல்லாத்தானே வந்தேன்?"

வலது பாதத்தை ஷீட் காப்பாற்றியிருந்தது. இடது பாதம், நல்ல கால். குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழேயும் தோல் வெள்ளையாக எழும்பி, ஓரத்தில் நீர் கசிந்தது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் எதைப் பார்க்கிறோம் என்று அவரும் குனிந்து பார்த்தார்.

கமிட்டியில் இருந்த அம்மையார் என்னிடம் கேட்டார், செருப்போடு ஏன் நடக்கவில்லை என்று. ந.சா. வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். போர்டு, பதினேழு பேர், செவ்வாய்க்கிழமை, எல்லாம். அந்த அம்மையார் எழுதிக்கொண்டே இருந்தார். மூலப் பதிவு முழுவதும் திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ந.சா.வின் காரில். சீட்டில் கறை பட்டுவிடுமோ என்று பாய் வழி முழுக்கக் காலைத் தூக்கியே வைத்திருந்தார்.

மே 17, சனி

ஒன்பது மணிக்கே பாய் வீடு. இரண்டு கொப்புளமும் முழுக்க உடைந்துவிட்டன. டாக்டர் சொன்னதாக ஷகிலா அக்கா (பாயின் மனைவி) ஒப்பித்தது: பத்து நாள் கால் தரையில் படக்கூடாது. தினமும் கட்டு. சர்க்கரை ஏறக்கூடாது. நிறம் கறுத்தாலோ வாடை வந்தாலோ ஓடி வர வேண்டும். அதற்கு மேல் டாக்டர் என்ன சொன்னார் என்று அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்க்கரைக் காலில் புண் ஆறாவிட்டால் எதுவரை போகும் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

வலது கால் வாதம். இடது கால் கட்டு. இப்போது மனிதர் பாத்ரூம் போக இரண்டு பேர் வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் வருகிறார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ குனிஞ்சு கைய வெச்சுப் பாக்காம இருந்தா, மொத்தமும் நடந்திருப்பாரும்மா. வீம்பு புடிச்ச ஆளு. அல்லா உன் கண்ணுல காட்டினாரு."

பாய் கட்டிலில் இருந்தபடி, "பாத்த உடனே நிறுத்திட்டா. அதான் படிச்ச புள்ள," என்றார். ஷீர் குர்மா மாதிரி இனிப்பாக ஏதோ கொடுத்தார்கள். கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தேன். வயிறு சரியில்லை என்றேன்.

ந.சா. நேற்று மாலையிலும் இன்று காலையிலும் பாய்க்குப் போன் செய்திருக்கிறார். எனக்குச் செய்யவில்லை.

மே 18, ஞாயிறு

கோவில். சர்ச்சில் பிரசங்கம் எதைப் பற்றி என்று அம்மா வழியில் கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. பக்கத்துப் பெஞ்சில் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் செருப்போடு உட்காருகிற கோவில். நாலு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உறைத்திருக்கக் கூடாதா?

மதியம் லேப். கமிட்டிக்கு அனுப்ப வேண்டிய பதிவைத் திறந்தேன். பத்தொன்பது மேடுகள், வலதோ இடதோ, ஒரு அடிக்கு ஒன்று. பத்தொன்பதுக்குப் பிறகு தட்டை.

ஐந்தாவது மேட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு.

வெள்ளிக்கிழமை எழுதியதை மேலே படித்துப் பார்த்தேன். அடிக்கப் போவதில்லை, இருக்கட்டும். அதில் ஒரே ஒரு சொல் பொய். உடனே.

கேபிளுக்குக் குனிந்தது ஐந்தாவது அடியில். விரல் பொசுங்கியது, கட்டைவிரல் தன் வேலையைச் செய்தது. நான் செய்யவில்லை. நிமிர்ந்தேன். கமிட்டியின் மூத்தவர் அப்போதுதான் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார், மெச்சுகிற சிரிப்பு. இன்னும் இருபத்தைந்துதான் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது. ஒரு நிமிஷ வேலை. ந.சா. சொன்னபோது கோபம் வந்தது, அதே வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொண்டபோது வரவில்லை. பத்து, பதினொன்று என்று பாயோடு சேர்ந்து நானும் எண்ணினேன். பத்தொன்பதில் அவர் பாதத்தைத் தூக்கியபோது தரையில் ஈரத் தடம் ஒன்று தெரிந்தது. அப்போதுதான் கத்தினேன்.

பிரவீன் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான். கேட்கவே இல்லை, புரிந்துகொண்டான். கை தவறி அழுந்திவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றான். கோட்டை எடுத்துவிட்டாலும் யாருக்கும் தெரியாது, ஒரே ஒரு வரி. நல்ல பையன். எனக்காகத்தான் சொன்னான்.

எடுக்கலாம். எடுத்தால் நான் கையை வைத்துப் பார்த்துக் காப்பாற்றியவள். ஷகிலா அக்கா என் கல்யாணம் வரைக்கும் வந்து வாழ்த்துவார்.

கணினியை அணைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் நாலு தூறல், மண்ணை நனைக்கக்கூடப் போதாது.

மே 19, திங்கள்

காலை 9.10: பதிவை அனுப்பினேன். கோட்டோடு. கீழே மூன்று வரி: கோடு எதற்காக, அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும், எப்போது நிறுத்தினேன். நகல் ந.சா.வுக்கு.

10.00: ந.சா. கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "யாரும் கேக்காத கேள்விக்கு ஏம்மா பதில் எழுதுறே?" என்றார். அப்புறம், தான் நேரத்தை மாற்றியதையும் ஒரு வரி சேர்த்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்துதான் அழுதேன்.

வாசல் போர்டைப் பிரவீன் கழற்றி மேஜை மேல் வைத்திருக்கிறான். ஆனால் எல்லோரும் வெளியேதான் கழற்றுகிறார்கள். நானும்.

11.30: பாய் வீடு. கையில் அந்தப் பதிவின் பிரிண்ட். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா இல்லாதது நல்லது என்று தோன்றியது, தோன்றியதும் வெட்கமாக இருந்தது. கட்டு இன்று காலை மாற்றியாகிவிட்டது. கறுக்கவில்லை. வாடை இல்லை. ஆனால் விளிம்பு சிவந்திருக்கிறது, நாளை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார்.

கட்டில் பக்கம் உட்கார்ந்து தாளை விரித்தேன். மேடு என்றால் ஒரு அடி, சிவப்புக் கோடு நான் அழுத்தியது, தரை சுடுகிறது என்று தெரிந்து அழுத்தியது என்று சொன்னேன்.

பாய் கண்ணாடி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கோட்டின் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து மேடு மேடாக, காயில் சுற்றுகளை எண்ணுகிற அதே மாதிரி, தட்டித் தட்டி எண்ணினார். அவசரப்படவில்லை. கடைசி மேட்டில் விரல் நின்றது.

"பதினாலு," என்றார்.

நான் ஆமாம் என்றேன்.

தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் மூஞ்சியத்தாம்மா பாத்துகினே வந்தேன்."